ஜகாத்தை அரசாங்கம் பிடித்தபோது: பாகிஸ்தானின் அனுபவம் நமக்குச் சொல்வது என்ன?

 

சென்ற ரமலானின் இரண்டாவது வாரம், அஸர் தொழுதுவிட்டு ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வீட்டில், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்களை உட்காரவைத்து விசிறியைப் போட்டார். ஜகாத் தொகையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "என்ன மாமா, நோன்பு வச்சுக்கிட்டு இந்த வெயில்ல அலையிறீங்க. பாகிஸ்தான்ல எல்லாம் பேங்க்லயே பிடிச்சிடுவாங்களாமே? ஒரு பயான்ல கேட்டேன். ஆட்சி நம்ம கையில இருந்தா இந்த அலைச்சல் ஏது?" என்று கேட்டார்.

அன்றைக்கு நேரமில்லை. சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். ஆனால் அதே கேள்வி வேறு உருவத்தில் டிரஸ்ட் கூட்டத்துக்கே வந்து சேர்ந்தது. இந்த ஆண்டு ஜகாத் நிதி போதாமல், கல்லூரிக் கட்டணம் கேட்டு வந்த மூன்று பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த வருத்தத்தில் உறுப்பினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். வசதி இருந்தும் டிரஸ்டுக்கு ஜகாத் தராத வீடுகளின் பெயரைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். அந்த வீட்டு நிக்காஹுக்கு ஜமாஅத் தஃப்தர் தரக்கூடாது என்றார். சிலர் ஆமோதித்தார்கள். ஷஃபான் மாதப் பொதுக்கூட்டத்தில் இது முடிவுக்கு வர இருக்கிறது.

அதற்கு முன்பு, ஒரு முழு நாடே இந்த வழியில் போனபோது என்ன நடந்தது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை. பாகிஸ்தான் என்று எழுதினாலே நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் பாடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போய்ப் படிக்க வேண்டும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

பத்திரிகைகளில் 'அரசியல் இஸ்லாம்' என்ற சொல்லை அடிக்கடி பார்க்கிறோம். முஸ்லிம்கள் அரசியலில் ஈடுபடுவதெல்லாம் அது அல்ல. காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அரசியல் நிர்ணய சபையிலும் பின்னர் நாடாளுமன்றத்திலும் அமர்ந்து நம் உரிமைகளுக்காக வாதாடினார். அது குடிமக்களின் அரசியல்.

மார்க்கத்தின் சட்டங்களை அரசாங்கத்தின் சட்டங்களாக்கி, மார்க்கத்தின் பெயரால் ஆள்வதற்கு உரிமை கோருவதுதான் அந்தச் சொல் குறிக்கும் அரசியல். அதை நாடுகிறவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு நாடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நீதி கிடைக்கும், லஞ்சம் ஒழியும், ஏழைக்கு உரியது போய்ச் சேரும் என்று நம்பியவர்கள் அவர்களில் ஏராளம். எண்ணம் நல்லதாக இருந்தும் விளைவு ஏன் வேறாயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தளபதியின் வாக்குறுதி

1977 ஜூலை 5 அன்று பாகிஸ்தானின் ராணுவத் தளபதி ஜெனரல் ஜியாவுல் ஹக், பிரதமர் பூட்டோவின் அரசைக் கவிழ்த்து ஆட்சியைக் கைப்பற்றினார். 90 நாட்களில் தேர்தல் நடத்துவேன் என்று வாக்களித்தார். நடத்தவில்லை. 1979 ஏப்ரலில் பூட்டோ தூக்கிலிடப்பட்டார். நாடாளுமன்றத் தேர்தல் வந்தது 1985இல்தான். அதிலும் கட்சிகளுக்கு இடமில்லை.

தேர்தலில் வென்று வராத ஆட்சியாளருக்கு, 'நீ ஏன் ஆள்கிறாய்?' என்ற கேள்விக்குப் பதில் தேவைப்படுகிறது. ஜெனரல் ஜியா கண்ட பதில், நாட்டை இஸ்லாமியமயமாக்குவது. அவர் தொழுகையாளி, மார்க்கப் பற்று உள்ளவர் என்றே அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். அதில் நமக்குத் தகராறில்லை. ஆனால் தேர்தல் தள்ளிப்போன அதே காலத்தில்தான் மார்க்கச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ராணுவ ஆணைகளாக வந்தன. 1979 பிப்ரவரி 10, மீலாது நாளன்று, ஹுதூத் சட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 1980இல் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் அமைந்தது. அதே ஆண்டு ஜூனில் ஜகாத், உஷ்ரு அவசரச் சட்டம் வந்தது.

வங்கியிலேயே பிடித்த ஜகாத்

நம் தம்பி கேட்டது இந்தச் சட்டத்தைத்தான். அதன் ஏற்பாடு எளிமையானது. சேமிப்புக் கணக்கிலும் வேறு சில முதலீடுகளிலும் நிஸாபுக்கு மேல் பணம் வைத்திருக்கும் முஸ்லிமின் கணக்கிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை இரண்டரை சதவீதத்தை வங்கியே கழித்துக்கொள்ளும். கழிக்கும் நாள் ரமலான் முதல் பிறை என்று ஆயிற்று. நிஸாப் 612 கிராம் வெள்ளியின் மதிப்பை ஒட்டி அறிவிக்கப்படும். சேர்ந்த தொகையைப் பங்கிட மத்திய கவுன்சில், மாகாணக் கவுன்சில்கள், அவற்றின் கீழ் நாடெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க் கமிட்டிகள். விதவைகள், அநாதைகள், நோயாளிகள், மாணவர்கள், மதரஸாக்கள் என்று செலவினமும் வகுக்கப்பட்டது.

காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பைத்துல்மால் நடத்தும் எங்களைப் போன்றவர்களுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். ஆனால் சட்டம் வந்த சில நாட்களிலேயே முதல் சிக்கல் எழுந்தது.

பாகிஸ்தான் முஸ்லிம்களில் கணிசமானோர் ஷியாக்கள். அவர்கள் பின்பற்றும் ஜஅஃபரி ஃபிக்ஹில் ஜகாத் என்பது தானியம், பேரீச்சை, கால்நடை, தங்க வெள்ளி நாணயம் போன்ற குறிப்பிட்ட பொருட்களுக்கே உரியது. வங்கியில் கிடக்கும் காகிதப் பணத்துக்கு அல்ல. அதை அரசாங்கத்திடம் கட்டுவதையும் அவர்கள் ஏற்பதில்லை. 'எங்கள் வணக்கத்தை உங்கள் ஃபிக்ஹுப்படி நீங்கள் பிடிக்க முடியாது' என்று கிளம்பினார்கள். 1980 ஜூலை தொடக்கத்தில், ராணுவச் சட்டம் கூட்டங்களைத் தடை செய்திருந்தும், ஆயிரக்கணக்கானோர் இஸ்லாமாபாத்தில் திரண்டு அரசுச் செயலகத்தை முற்றுகையிட்டார்கள். ஜெனரல் இறங்கிவந்தார். தன் ஃபிக்ஹுப்படி இந்த ஜகாத் தன்மீது கடமையில்லை என்று எழுத்து மூலம் உறுதி கூறுகிறவருக்கு விலக்கு என்று சட்டம் திருத்தப்பட்டது.

இந்த இடத்தில் நம் ஊரையே நினைத்துப் பாருங்கள். நம்மில் ஷாஃபிகளும் இருக்கிறோம், ஹனஃபிகளும் இருக்கிறோம். ஒரே பள்ளியில் தொழுகிறோம், சம்பந்தம் செய்துகொள்கிறோம். பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபு. அனுமதிக்கப்பட்ட அளவில் அணிந்துகொள்ளும் நகைக்கு இல்லை என்பது ஷாஃபி மத்ஹபு. இன்றுவரை மாமியார் ஒரு கணக்கும் மருமகள் ஒரு கணக்கும் பார்க்கும் வீடுகள் உண்டு. யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. நாளை இதை ஓர் அரசாங்கம் சட்டமாக்கினால் இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். எழுதிய மறுநாளே, அதுவரை மத்ஹபு வேறுபாடாக இருந்தது சட்டம் மீறிய குற்றமாகிவிடும்.

ரமலானுக்கு முதல் நாள் வங்கியில் கூட்டம்

அடுத்த விளைவு இன்னும் வேதனையானது. ரமலான் நெருங்கும்போது மக்கள் வங்கிக்குப் போய்ச் சேமிப்புப் பணத்தை எடுக்கத் தொடங்கினார்கள். பிறை பார்த்துக் கழிப்பு முடிந்ததும் மீண்டும் கொண்டுவந்து கட்டினார்கள். கழிப்பு இல்லாத நடப்புக் கணக்குக்குப் பணத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆண்டுதோறும் ரமலானுக்கு முந்தைய நாட்களில் வங்கிகளில் கூட்டம் நிற்பது அந்நாட்டின் வாடிக்கையாகிவிட்டது. விலக்குப் பெறுவதற்காகச் சுன்னிகள் சிலரே 'நான் ஜஅஃபரி ஃபிக்ஹைச் சேர்ந்தவன்' என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்ததாகவும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இறுதியில் 1999இல், சுன்னிகளும் விலக்குக் கோரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இவர்கள் எல்லோரும் கஞ்சர்களா? இல்லை. அதே பாகிஸ்தானில்தான் அப்துல் சத்தார் எதி என்ற மனிதர் வாழ்ந்தார். 1928இல் நம் குஜராத்தின் பாண்ட்வா ஊரில் பிறந்து, பிரிவினையின்போது கராச்சிக்குக் குடிபெயர்ந்தவர். 1951இல் ஒரு சிறிய மருந்தகத்தில் தொடங்கிய அவரது சேவை, பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. கேட்பாரற்ற மய்யித்துகளை அடக்கினார். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக வாசலில் தொட்டில் வைத்தார். அரசாங்கத்திடம் பணம் வாங்குவதில்லை என்பது அவரது கொள்கை. தெருவில் துண்டை விரித்து உட்கார்ந்தால் மக்கள் கொட்டினார்கள். 2016இல் அவர் இறந்தபோது அரசு மரியாதையுடன் ஜனாஸா நடந்தது.

ஒரே நாடு, ஒரே மக்கள். வங்கி பிடித்தபோது ஒளித்தார்கள். எதி கையேந்தியபோது கொடுத்தார்கள். வேறுபாடு நம்பிக்கையில் இருந்தது. ஊர்க் கமிட்டிகளில் ஆளுங்கட்சிக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள், ஆட்சி மாறினால் கமிட்டியும் மாறுகிறது, வேண்டியவர்களுக்கே போகிறது என்ற குறைகள் தொடர்ந்து எழுந்தன. கேட்டுப் பெறும் டிரஸ்ட் மேல் நம்பிக்கை போனால் மக்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். டிரஸ்ட் திருந்தியே ஆக வேண்டும். சட்டத்தால் பிடிக்கும் அரசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மார்க்கம் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

"அபூபக்ர் (ரலி) அவர்கள் ஜகாத் தர மறுத்தவர்களோடு போர் செய்யவில்லையா?" என்று கேட்கலாம். செய்தார்கள். ஜெனரல் ஜியாவின் சட்டத்தை ஆதரித்தவர்களும் இதையே எடுத்துக்காட்டினார்கள். அது, மதீனாவின் ஆட்சிக்கே கட்டுப்பட மாட்டோம் என்று கோத்திரங்கள் அணிதிரண்ட நேரம்.

அதோடு நிறுத்திவிடாமல் உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தையும் பார்க்க வேண்டும். ஃபிக்ஹு நூல்கள் செல்வத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. விளைச்சல், கால்நடை போன்ற வெளிப்படையான செல்வம் ஒன்று. வீட்டில் இருக்கும் தங்கம், வெள்ளி, ரொக்கம் போன்ற மறைவான செல்வம் மற்றொன்று. மறைவான செல்வத்தின் ஜகாத்தை, அதன் சொந்தக்காரரே கணக்கிட்டுத் தம் கையால் உரியவருக்குக் கொடுக்கும் பொறுப்பில் உஸ்மான் (ரலி) அவர்கள் விட்டார்கள் என்று ஹனஃபி நூல்களில் படித்திருக்கிறோம். மக்களின் பெட்டியைத் திறந்து பார்க்கும் நிலை வரக்கூடாது என்பதே அதன் காரணமாகச் சொல்லப்படுகிறது. வங்கியில் போட்டுவிட்டால் அது வெளிப்படையான செல்வமாகிவிடுகிறது என்று பாகிஸ்தான் ஆலிம்களில் ஒரு சாரார் வாதிட்டார்கள். மற்றொரு சாரார் மறுத்தார்கள். இரண்டு தரப்பிலும் அறிவுடையவர்கள் இருந்தார்கள். ஆனால் ராணுவச் சட்டத்தின் கீழ் அந்த விவாதத்தை முடித்துவைத்தது ஆலிம்களின் இஜ்மா அல்ல, ஒரு தளபதியின் கையெழுத்து.

மேலும் ஜகாத் வெறும் வரி அல்ல, தொழுகையைப் போல ஒரு வணக்கம். அதற்கு நிய்யத் வேண்டும். கடன் எவ்வளவு, ஓராண்டு நிறைந்ததா, மகள் நிக்காஹுக்காக நேற்று வந்த பணமா என்பதெல்லாம் உரியவருக்குத் தெரியும். வங்கிக்குத் தெரிவது அன்றைய இருப்பு மட்டும்தான்.

அரசு ஜகாத் வசூலித்தாலே கேடு என்று இதற்குப் பொருளல்ல. மலேசியாவில் மாநில மார்க்க மன்றங்கள் ஜகாத் வாங்குகின்றன. அங்கே கட்டிய ஜகாத் வருமான வரியில் கழிக்கப்படுகிறது. முறையும் நம்பிக்கையும் அமைந்தால் நடக்கும். மக்களின் சம்மதம் இல்லாத ஆட்சி, தன் நாற்காலிக்காக மார்க்கத்தைக் கையில் எடுக்கும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

ஆட்சியில் ஏற்பட்ட விளைவு

1984 டிசம்பரில் ஜெனரல் ஜியா மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தினார். கேள்வி இதுதான்: நாட்டின் சட்டங்களைக் குர்ஆன், சுன்னாவுக்கு ஏற்ப அமைக்கும் பணியை ஆதரிக்கிறீர்களா? எந்த முஸ்லிம் 'இல்லை' என்பார்? 'ஆம்' என்ற ஒவ்வொரு வாக்கும், ஜெனரல் ஜியா இன்னும் ஐந்தாண்டு ஜனாதிபதியாக இருக்கச் சம்மதம் என்று எண்ணப்பட்டது. 97 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்' என்று அரசு அறிவித்தது.

மார்க்கத்தை ஆட்சியோடு கட்டிவிட்டால் வரும் பெரிய ஆபத்து இதில் இருக்கிறது. ஆட்சியாளரை எதிர்ப்பவர் மார்க்கத்தை எதிர்ப்பவராகக் காட்டப்படுவார். சட்டத்தில் பிழை இருக்கிறது என்று சொல்வதே ஈமானில் குறை என்று ஆகிவிடும்.

ஹுதூத் சட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். நான்கு சாட்சிகள் வேண்டும் என்ற விதி, பெண்கள் மீது அவதூறு சொல்பவர்களின் வாயை அடைக்க வந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் இட்டுக்கட்டிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். பாகிஸ்தான் சட்டம் வன்புணர்வையும் விபச்சாரத்தையும் ஒரே ஆணையில் வைத்தது. தனக்குக் கொடுமை நடந்தது என்று முறையிட்ட பெண், ஆணின் குற்றத்தை நிரூபிக்க முடியாவிட்டால் தானே விபச்சாரக் குற்றவாளியாகும் நிலை வந்தது. 1983இல் கண்பார்வை குன்றிய ஏழைப் பெண் ஒருத்தி, கர்ப்பத்தையே சாட்சியாக்கித் தண்டிக்கப்பட்டாள். அவள் குற்றம் சாட்டிய ஆண்கள் விடுதலையானார்கள். நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு ஷரீஅத் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் சட்டத்தின் அந்தப் பகுதியைத் திருத்த 2006 வரை ஆயிற்று. ஒரு மனிதர் எழுதிய ஆணையைத் திருத்த 27 ஆண்டுகள்! அதைத் தொடுவது அல்லாஹ்வின் சட்டத்தைத் தொடுவது என்று சொல்லப்பட்டதே காரணம்.

பாதுகாப்பில் ஏற்பட்ட விளைவு

மூன்றாவது விளைவு இரத்தத்தில் எழுதப்பட்டது. ஜகாத் போராட்டத்தில் வென்ற ஷியாக்கள் அமைப்பாகத் திரண்டார்கள். அதற்கு எதிர்வினையாக 1985இல் பஞ்சாபின் ஜங் நகரில் சிபாஹே ஸஹாபா தோன்றியது. ஷியாக்களை முஸ்லிமல்லாதவர்கள் என்று அரசு அறிவிக்க வேண்டும் என்றது. 1988இல் ஷியா தலைவர் ஆரிஃப் ஹுசைனி கொல்லப்பட்டார். 1990இல் சிபாஹே ஸஹாபாவின் நிறுவனர் ஹக் நவாஸ் ஜங்வி கொல்லப்பட்டார். 1996இல் அதிலிருந்து இன்னும் கொடிய லஷ்கரே ஜங்வி பிரிந்தது. இரு தரப்பிலும் ஆயுதக் குழுக்கள் வந்தன. தொழும் பள்ளிகளிலேயே குண்டுகள் வெடித்தன. 2001, 2002இல் இந்த அமைப்புகள் தடை செய்யப்பட்டபோது காலம் கடந்துவிட்டது.

இத்தனைக்கும் ஜகாத் சட்டம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நியாயமல்ல. 1979இல் ஈரானில் புரட்சி நடந்தது. அதே ஆண்டு சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்தது. அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் பணமும் ஆயுதமும் கொட்டின. அவை பாகிஸ்தான் வழியாகவே போயின. வெளிநாடுகள் தத்தம் தரப்பை ஊட்டி வளர்த்தன. ஆனால் வெளியிலிருந்து வந்த நெருப்புக்கு உள்ளே விறகு அடுக்கியிருந்தது. யாருடைய இஸ்லாம் அரசாங்கத்தின் இஸ்லாம் என்ற கேள்வியை ஆட்சியே எழுப்பிவிட்டது. அதில் தோற்றால் வணக்கமே பறிபோகும் என்று ஒவ்வொரு பிரிவும் அஞ்சியது. அச்சம் இருக்கும் இடத்தில் ஆயுதம் விலைபோகும்.

2010இல் லாகூரின் தாத்தா தர்பார் தர்காவில் குண்டு வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட ஜியாரத்காரர்கள் மாண்டார்கள். 2011 ஜனவரியில், மதநிந்தனைச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தஸீரை, அவரைக் காக்க நியமிக்கப்பட்ட காவலரே சுட்டுக் கொன்றார். 2013 ஜனவரியில் குவெட்டாவில் ஹஸாரா ஷியாக்கள் 80க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். உறவினர்கள் மய்யித்துகளை அடக்க மறுத்து, உறையும் குளிரில் சாலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாகாண அரசு நீக்கப்பட்ட பிறகே எழுந்தார்கள். 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவரில் ராணுவப் பள்ளிக்கூடத்துக்குள் பாகிஸ்தான் தாலிபான் புகுந்து 140க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். கொன்றவர்களும் கலிமா சொன்னவர்கள், கொல்லப்பட்டவர்களும் கலிமா சொன்னவர்கள்.

மய்யித்தை அடக்கத் தாமதிக்கக்கூடாது என்று சிறு வயதிலிருந்து கற்றவர்கள் நாம். அதை மீறி, பிள்ளையின் ஜனாஸாவைத் தெருவில் வைத்து நீதி கேட்கும் நிலைக்கு ஒரு தாய் தள்ளப்பட்டாள் என்றால், அந்த நாட்டில் இஸ்லாத்தின் பெயர் இருந்தது, பாதுகாப்பு இல்லை.

நமக்கு இதில் என்ன?

இப்போது டிரஸ்ட் கூட்டத்தில் வந்த யோசனைக்குத் திரும்புகிறேன். நாம் அரசாங்கம் அல்ல. நம் கையில் ராணுவமும் இல்லை, வங்கியும் இல்லை. ஆனால் தஃப்தர் இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது, கபரஸ்தான் இருக்கிறது. ஒரு ஜமாஅத் கையில் வைத்திருக்கும் சிறிய அதிகாரம் அது. அதைக் கொண்டு ஜகாத்தைப் பிடிக்க நினைத்தால் அங்கே நடந்தது இங்கே சிறிய அளவில் நடக்கும்.

பெயர் வெளியே வரக்கூடாது என்று பயந்து நூறோ இருநூறோ தந்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். தன் விதவைச் சகோதரிக்கும் கடனில் மூழ்கிய மைத்துனருக்கும் ரகசியமாக ஜகாத் கொடுக்கிறவர் நம்மிடம் வந்து கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். வாங்கியவரின் மானமும் சேர்ந்து போகும். தவ்பா அத்தியாயத்தின் 60ஆவது வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அவர்களில் ஒருவருக்குத் தம் கையால் கொடுத்தவர் கடமையை நிறைவேற்றிவிட்டார். நம் டிரஸ்டின் ரசீது ஜகாத்துக்கு நிபந்தனை அல்ல. நிக்காஹ் மறுக்கப்பட்ட வீடு அடுத்த மஹல்லாவுக்குப் போகும்; அல்லது இதே ஊரில் இரண்டாவது ஜமாஅத் உருவாகும். ஜமாஅத் பிளந்தால் எத்தனை ஆண்டானாலும் ஒட்டுவதில்லை.

திருப்பி அனுப்பிய அந்த மூன்று பிள்ளைகளின் முகம் எனக்கும் மறக்கவில்லை. கூட்டத்தில் யோசனை சொன்ன சகோதரரின் வருத்தம் உண்மையானது. ஆனால் அதற்கான மருந்து பலகையில் பெயர் எழுதுவது அல்ல என்பது என் கருத்து. செயலாளர் என்ற முறையில் கூட்டத்தில் வேறு சில யோசனைகளை வைக்க இருக்கிறேன். வரவு செலவுக் கணக்கை மாதாமாதம் ஜும்ஆவுக்குப் பிறகு வாசிப்போம். வாங்கியவர் பெயர் இல்லாமல், எந்த வகைக்கு எவ்வளவு போயிற்று என்று மட்டும் பலகையில் எழுதுவோம். கணக்கைச் சரிபார்க்க, கமிட்டியில் இல்லாத மூவரை ஜமாஅத்தே தேர்ந்தெடுக்கட்டும். அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. ரஜப், ஷஃபானில் ஹஜ்ரத் அவர்கள் இரு மத்ஹபுகளின் படியும் ஜகாத் கணக்கிடக் கற்றுக் கொடுக்கட்டும். எத்தனை பேரைப் பணமில்லாமல் திருப்பி அனுப்பினோம் என்பதையும் மறைக்காமல் சொல்வோம். பலகையில் போட வேண்டிய பெயர் ஒன்று உண்டென்றால் அது கணக்குக் காட்டாத நிர்வாகியின் பெயர்தான். என் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

பெங்களூர்த் தம்பிக்கும் அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆட்சி கையில் இருந்தால் அலைச்சல் குறையும் என்பது உண்மைதான் தம்பி. ஆனால் நீங்கள் விசிறியைப் போட்டு, உட்காரவைத்து, நிய்யத்தோடு எண்ணிக் கொடுத்தீர்களே, அது வங்கிக் கழிப்பில் வராது. அதற்காக அலைவதில் எங்களுக்குக் குறையில்லை.

பொதுக்கூட்டத்துக்கு எல்லா வீடுகளிலிருந்தும் ஒருவராவது வாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். முடிவு ஜமாஅத்துடையது. கொடுப்பவர் மனத்தில் இக்லாஸையும், வாங்கிக் கொடுக்கும் எங்கள் கைகளில் அமானிதத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்